பேக் ஃபில்டரா, கார்ட்ரிட்ஜா: ஆர்.ஓ.வுக்கு முன்னால் எதைப் போடுவது?

மணிக்கு 20 கன மீட்டர் தண்ணீர். மணல் வடிகட்டியைத் தாண்டி வருகிறது. அடுத்து ஹை பிரஷர் பம்ப், அதன் பின் உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. மெம்பிரேன். இடையில் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) வடிகட்டி ஒன்று வேண்டும். கொட்டேஷன் கேட்டால் பெரும்பாலும் மூன்று வரும்: 2-ஆம் சைஸ் பேக் (துணிப்பை) ஒன்று போடும் ஹவுஸிங் (வடிகட்டியை வைக்கும் கூடு), 40 இன்ச் ஸ்பன் கார்ட்ரிட்ஜ் (இழையால் ஆன உருளை) பன்னிரண்டு போடும் ஹவுஸிங், ப்ளீட்டட் (மடிப்பு வைத்த) கார்ட்ரிட்ஜ் ஐந்து போடும் ஹவுஸிங். மூன்றிலும் ‘5 மைக்ரான்’ என்றே எழுதியிருக்கும். அந்த எண்ணை நம்பி விலையை மட்டும் பார்த்தால் பேக்தான் ஜெயிக்கும். அப்படி வாங்கியதன் விலையை மெம்பிரேன் கொடுக்கும்.

மைக்ரான் எண்ணிலிருந்தே தொடங்கலாம். ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த துணி) பேக்கின் 5 மைக்ரான் ‘நாமினல்’, அதாவது பெயரளவு. அந்த அளவுத் துகளில் எத்தனை சதவீதத்தைப் பிடித்தால் அப்படிச் சொல்லலாம் என்பதற்குப் பொது வரையறை கிடையாது. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ‘அப்சல்யூட்’ என்று விற்கும் கார்ட்ரிட்ஜில் பீட்டா எண் கொடுத்திருப்பார்கள். பீட்டா 5000 என்றால் அந்த அளவுத் துகள் 5000 நுழைந்தால் ஒன்றுதான் தப்பும், அதாவது 99.98 சதவீதம் நிற்கும். பீட்டா 75 என்றால் 98.7 சதவீதம். ஆகவே ‘எத்தனை மைக்ரான்’ என்பதோடு ‘எத்தனை சதவீதம்’ என்றும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பரப்பு. 2-ஆம் சைஸ் பேக் சுமார் 180 மி.மீ. விட்டம், 810 மி.மீ. நீளம்; வடிகட்டும் பரப்பு அரை சதுர மீட்டருக்கும் சற்றுக் குறைவு. 20 கன மீட்டரும் அதன் வழியே போனால் ஒரு சதுர மீட்டர் மீது மணிக்கு 40 கன மீட்டருக்கு மேல் சுமை. 63 மி.மீ. விட்டமுள்ள 40 இன்ச் ஸ்பன்னின் வெளிப்பரப்பு 0.2 சதுர மீட்டர். 10 இன்ச் நீளத்துக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று நிதானமாகக் கணக்குப் போட்டால் ஒரு கார்ட்ரிட்ஜுக்கு மணிக்கு 2.4 கன மீட்டர். ஒன்பது போதும், பன்னிரண்டு போட்டால் சுமை எட்டு சொச்சம். ப்ளீட்டட்டில் 10 இன்ச்சுக்கே அரை சதுர மீட்டர் மடிப்பு இருக்கும் என்பதால் ஐந்து போட்டாலே சுமை இரண்டுக்கு வந்துவிடும்.

இந்தச் சுமைதான் மாற்றுச் செலவைத் தீர்மானிக்கிறது. அழுக்கு மேலே படலமாகப் படியும் தண்ணீரில் பரப்பை இரட்டிப்பாக்கினால் ஆயுள் இரண்டு மடங்கோடு நிற்காது, நான்கு மடங்கு வரை போகும். படலத்தின் தடிமனும் பாதியாகிறது, அதன் வழியே போகும் வேகமும் பாதியாகிறது. ஹவுஸிங்கை ஒருமுறை வாங்குகிறோம், உள்ளே போடுவதை ஆண்டு முழுக்க வாங்குகிறோம். ஒன்பதா பன்னிரண்டா என்ற பேரத்தில் ஹவுஸிங் விலையைக் குறைத்து மகிழ்வது வீண்.

பேக்கின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. தண்ணீர் உள்ளிருந்து வெளியே போவதால் அழுக்கு முழுவதும் பைக்குள்ளேயே தங்கும். வால்வை மூடி, அழுத்தத்தை விட்டு, தண்ணீரை வடித்து, பையைத் தூக்கினால் வேலை முடிந்தது. வடிக்காமல் தூக்கினால் ஒரு பைக்குள் பதினைந்து லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். மணல், துரு, நூல்பஞ்சு போன்ற கடினமான, நிறைய வரும் அழுக்குக்கு இதைவிட மலிவான வழி இல்லை. துணியைத் தேர்வதில் மட்டும் கவனம் வேண்டும்: பாலிப்ரோப்பிலீன் சுமார் 90 டிகிரி வரை தாங்கும், பாலியெஸ்டர் அதைவிடச் சூடு தாங்கினாலும் சூடான காரத்தில் இற்றுப்போகும், நைலான் வலைக்கு வீரியமான அமிலம் ஆகாது.

கெடுவது எங்கே? வாய் வளையம் சரியாக உட்காராமல் ஓரமாக ஒழுகுவது ஒன்று. பையைத் தாங்கும் துளைக்கூடையில் வெல்டிங் பிசிறு இருந்து கிழிப்பது இன்னொன்று. காற்று வெளியேறும் வென்ட்டைத் திறக்காமல் பம்பைப் போட்டு, அந்த அடியில் தையல் விடுவது மூன்றாவது. சாயக் கழிவுநீர் மறுசுழற்சியில் வரும் உயிரிக் கொழகொழப்புதான் மோசமான எதிரி. அது கல் போல நிற்காது. அழுத்தம் ஏற ஏற ஃபெல்ட் துளைக்குள் பிதுங்கி மறுபக்கம் போய்விடும். கேஜில் ஏறிய அழுத்த வேறுபாடு தானாக இறங்கினால் பை சுத்தமாகிவிட்டது என்று பொருளல்ல. கிழிந்தது அல்லது வழிவிட்டது என்று பொருள்.

கார்ட்ரிட்ஜில் தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே போகிறது. கழற்றும்போது வெளியே ஒட்டிய சேறு ஹவுஸிங்கின் அடித்தட்டில் விழும். அதைக் கழுவி வடிக்காமல் புதியதைச் செருகினால் சேறு நேராக அவுட்லெட்டுக்குள் போகும். இங்கே அவசரப்படும் ஆட்கள் அதிகம்.

அதைவிடப் பெரிய விஷயம் முனை. இருபக்கமும் திறந்த கார்ட்ரிட்ஜ், கத்திமுனை வளையம் ஒன்று அதன் முகத்தில் அழுந்துவதால் மட்டுமே அடைபடுகிறது. சந்தையில் 40 இன்ச் என்ற பெயரில் 39 இன்ச்சும் கிடைக்கும். 40 இன்ச்சுக்குச் செய்த ஹவுஸிங்கில் குட்டையானதைப் போட்டால் அழுத்தம் விழாது, 5 மைக்ரான் வெறும் பெயருக்குத்தான். ஒருபக்கம் மூடி, மறுபக்கம் 222 அல்லது 226 எண் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இரண்டு போட்ட கார்ட்ரிட்ஜ் சற்று விலை கூடுதல். ஆனால் ஓ-ரிங் பக்கவாட்டில் அடைப்பதால் நீளத்தில் சில மி.மீ. வித்தியாசம் வந்தாலும் ஒழுகாது. 226-இல் திருகிப் பூட்டும் காதும் இருக்கும். மெம்பிரேனுக்கு முன்னால் இதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

பழைய ஸ்பன்னைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். வெளியே இரண்டு மூன்று மி.மீ. மட்டும் பழுப்பு, உள்ளே வெள்ளை என்றால் மேற்பரப்பிலேயே அடைத்துவிட்டது. வெளிப்புறம் தளர்வாகவும் உட்புறம் இறுக்கமாகவும் அமைந்த ரகம் வேண்டும், அல்லது முன்னால் ஒரு 25 மைக்ரான் பேக் வேண்டும். உள்வரை சீராகப் பழுப்பேறியிருந்தால் கொடுத்த காசுக்கு வேலை செய்திருக்கிறது. முனை முகத்தில் கத்திமுனையின் தடம் முழு வட்டமாக இல்லையென்றால் பைபாஸ் (வடிகட்டாத தண்ணீர் ஓரமாகப் போவது) நடந்திருக்கிறது.

ப்ளீட்டட் ஏற்கெனவே சுத்தமான தண்ணீருக்குத்தான் லாபம். கொழகொழப்பு வந்தால் மடிப்புகளுக்கு இடையே அடைத்து, அத்தனை பரப்பும் வீணாகும். நூல் சுற்றிய ரகம் மலிவு. ஆனால் இழை உதிரும், முதல் தண்ணீரில் நுரை வரும். ஆர்.ஓ.வுக்கு முன்னால் அது வேண்டாம்.

ஆக, இந்த 20 கன மீட்டருக்கு என் தேர்வு: அழுக்கு நிறைய வந்தால் 25 மைக்ரான் பேக் இரண்டு இணையாக, அதன் பின் 226 முனையுள்ள ஸ்பன் பன்னிரண்டு. மணல் வடிகட்டி ஒழுங்காக ஓடினால் பேக் தேவையில்லை. எது போட்டாலும் எஸ்.டி.ஐ. (தண்ணீர் மெம்பிரேனை எவ்வளவு அடைக்கக்கூடும் என்று காட்டும் எண்) 5-க்கு மேல் இருக்கும் தண்ணீரை 5 மைக்ரான் வடிகட்டி சரிசெய்யாது; அந்தக் கூழ்மத் துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் கீழே. அதை மணல் வடிகட்டிக்கு முன்னால், துகள்களைத் திரளவைக்கும் உறைகாரணி டோஸிங்கில்தான் பார்க்க வேண்டும்.

மாற்றும் நேரத்தைச் சொல்ல, உள்ளேயும் வெளியேயும் 0–10 பார் கேஜ் வைத்து கழித்துப் பார்ப்பது போதாது. 1.6 வகுப்பு (முழு அளவில் 1.6 சதவீதப் பிழை வரலாம் என்ற) கேஜ் ஒவ்வொன்றும் 0.16 பார் வரை பிழை காட்டலாம். புதிய கார்ட்ரிட்ஜின் வேறுபாடே 0.1, 0.2 பார்தான். இருபக்க வேறுபாட்டை நேரே காட்டும், 0–2.5 பார் அளவுள்ள ஒற்றை டிஃபரன்ஷியல் கேஜ் போடுங்கள். 1 பார் ஏறினால் மாற்றுங்கள். ஏறாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு மேல் விடாதீர்கள், உள்ளே பாக்டீரியா வளரும். புதியதைப் போட்டதும் முதல் சில நிமிடத் தண்ணீரை வடிகாலுக்கு விடுங்கள். ஓ-ரிங்கை நனைக்கத் தண்ணீரோ கிளிசரினோ போதும். பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் ஈ.பி.டி.எம். ரப்பர் ஊதி, அடுத்த முறை கார்ட்ரிட்ஜ் கழலாது.