ஃபிப்த் வீல் மாற்றி மூன்று வருஷம்: வாளையார் – வல்லார்பாடம் ஓட்டத்தில் பார்த்தது

பிரேக்கைத் தொட்டால் முதுகுக்குப் பின்னால் ஒரு ‘டக்’. மறுபடி ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்னொரு ‘டக்’. ட்ரெய்லர் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த சத்தம்தான். கண்டெய்னர் பெட்டியில் பாரம் இருந்தால் மந்தமாகக் கேட்கும். காலிப் பெட்டி என்றால் சீட்டோடு சேர்த்து இடுப்பில் இடிக்கும். 2021 முழுக்க அந்தச் சத்தத்தோடுதான் ஓட்டினேன். முன்வண்டியின் முதுகில் ட்ரெய்லரைத் தாங்கிப் பூட்டிக்கொள்ளும் தகடுதான் ஃபிப்த் வீல். ட்ரெய்லருக்கு அடியில் இருந்து அதற்குள் பூட்டும் தடித்த இரும்புக் கம்பி கிங் பின். 2022 ஏப்ரலில் இந்த இரண்டையும் ஒன்றாக மாற்றினேன். அதன்பின் மூன்று வருஷத்தில் 2 லட்சத்து 30 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது. மாற்றப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வீடு வாளையார் எல்லைக்கு அருகே க.க.சாவடி பக்கம். கோவையில் பம்ப்செட்டோ வார்ப்பிரும்போ ஏற்றி கொச்சியின் வல்லார்பாடம் துறைமுகத்துக்குப் போவேன். திரும்பும்போது பஞ்சுப் பொதி கிடைக்கும், இல்லையென்றால் காலிப் பெட்டி. வாரத்துக்கு நான்கு நடை. முன்வண்டி 2019 மாடல், ட்ரெய்லரோடு மொத்தம் 45.5 டன் வகை, இரண்டாம் கையாக வாங்கியது. ட்ரெய்லர் 2014-இல் கட்டிய மூன்று அச்சு, 40 அடி. இந்த வயது வித்தியாசத்தை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

சத்தம் வந்ததும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஃபிப்த் வீலுக்குள் பின்னைக் கவ்விப் பூட்டும் தாடையையும் தேய்மான வளையத்தையும் ஒரு கிட்டாக வாங்கி மாற்றினேன். இரண்டு மாதம் அமைதி. பிறகு பழையபடி. ஆறு மாதத்தில் இரண்டாவது கிட். குதிரான் சுரங்கப்பாதையில் முதல் குழாய் 2021 ஜூலை 31-இல்தான் திறந்தார்கள். அதுவரைக்கும் அந்த மலைப்பாதை வளைவுகளில் குழிக்குக் குழி பிரேக் பிடித்து இறங்கும்போது, பின்னால் இருந்து யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல இருக்கும். சுரங்கம் திறந்தபின் ரோடு நன்றாகிவிட்டது, சத்தம் மட்டும் போகவில்லை. அப்போதுதான் குறை ரோட்டில் இல்லை என்று உறைத்தது.

கஞ்சிக்கோட்டில் ட்ரெய்லர் வேலை பார்க்கும் ஒரு அண்ணன் கேட்டார்: “ஏனுங்க, ரெண்டு தடவ ஜா (தாடை) மாத்திட்டீங்க. கிங் பின்னை யாராச்சும் அளந்தீங்களா?”

யாரும் அளக்கவில்லை. ட்ரெய்லரைக் கழற்றி, அதன் முன்பக்கத்தைத் தாங்கும் கால்களான லேண்டிங் லெக்கில் நிறுத்திவிட்டு அடியில் படுத்தோம். பல வருஷத்து கிரீஸ் தார் மாதிரி இறுகியிருந்தது. டீசல் துணியால் துடைத்துத் துடைத்து இரும்பு தெரியும்வரை எடுத்தார். வெர்னியர் அளவுகோலை முதலில் குறுக்காக வைத்தார்: 50.3 மில்லிமீட்டர். “பரவாயில்லையே” என்றேன். அவர் பதில் சொல்லாமல் வெர்னியரைத் திருப்பி, வண்டி ஓடுகிற திசையில் முன்னும் பின்னுமாக வைத்தார்: 48.7.

புதிய 2 அங்குல கிங் பின் அந்த இடத்தில் 50.8 மில்லிமீட்டர் இருக்கும். 49-க்குக் கீழே போனால் அது கழிக்க வேண்டிய பின். மேலே தடித்த பகுதி புதிதில் 73, கடைசி எல்லை 71. இழுப்பதும் பிரேக் பிடிப்பதும் முன்பின்னாகத்தான் நடக்கிறது, அதனால் பின் உருண்டையாகத் தேயாது, முட்டை வடிவில் தேயும். குறுக்காக மட்டும் அளந்தால் பின் நன்றாக இருப்பதுபோலவே தெரியும். அளக்கிறவர்கள் இரண்டு பக்கமும் அளக்கச் சொல்லுங்கள். நான் இரண்டு கிட்டுக்குக் கொடுத்த பணம் இந்த 2 மில்லிமீட்டரில்தான் போனது. தேய்ந்த பின் புதிய தாடையைத் தின்றுவிடும். தேய்ந்த தாடை புதிய பின்னைத் தின்றுவிடும். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றுவது, பழுத்த பல்லுக்குப் பக்கத்துப் பல்லைப் பிடுங்குகிற வேலை.

அடுத்து ஒரு லேத் பட்டறையில், “பின் மேல வெல்டு வச்சு, கடைஞ்சு 50.8-க்குக் கொண்டாந்து தர்றேன்” என்றார்கள். விலை மலிவு. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். கிங் பின் அடித்து உருவாக்கி வெப்பமேற்றிப் பதப்படுத்திய உலோகக் கலவை எஃகு. அதன் மேல் வெல்டிங் ஏற்றினால் பதம் கெடும், உள்ளே விரிசல் பிடிக்கும், வெளியில் பளபளப்பாக இருக்கும். மொத்த ட்ரெய்லரும் தொங்குவது அந்த ஒரு முழங்கை நீளம்கூட இல்லாத கம்பியில். புதிய பின்னின் விலை ஃபிப்த் வீல் விலையில் சிறு பங்குதான். பழைய பின் நேராக பற்றவைத்தது. அதை அறுத்தெடுத்துவிட்டு எட்டு போல்ட் வகைக்கு மாறினேன். அடுத்த முறை கேஸ் கட்டிங் தேவைப்படாது.

பிறகு ஃபிப்த் வீல் தேர்வு. நம் பக்கம் கடையில் கேட்டால் ஜோஸ்ட், யார்க் என்று பெயர்கள் வரும். இரண்டிலும் நல்லது இருக்கிறது, நான் பெயரைவிட எண்களைப் பார்த்தேன். முதலில் பின் அளவு. பெரிய யந்திரம் ஏற்றும் கனரக ட்ரெய்லர்களுக்கு 3.5 அங்குலம், நம்மைப் போலப் பெட்டி ஓட்டுகிறவர்களுக்கு 2 அங்குலம் போதும். அடுத்தது தகட்டில் பொறித்திருக்கும் டி மதிப்பு, அதாவது இழுவையும் இடியும் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு. ட்ரெய்லர் பாரத்தில் ஃபிப்த் வீல் மேல் உட்காருகிற பங்குதான் தலைப்பாரம். என் முன்வண்டி தலைப்பாரத்தோடு சேர்த்து 18.5 டன், ட்ரெய்லர் 38.5 டன். தலைப்பாரம் 11.5 டன் இரண்டிலும் வருவதால் மொத்தம் 45.5 டன்தான். இரண்டையும் பெருக்கி, மொத்த எடை 45.5-ஆல் வகுத்து, வருவதை 0.6-ஆலும் 9.81-ஆலும் பெருக்கினால் சுமார் 92 கிலோ நியூட்டன் வரும். வாங்கியதில் 152 என்று இருக்கிறது, தலைப்பாரம் 20 டன் வரை. தாராளம்.

உயரத்தில்தான் ஏமாறப் பார்த்தேன். பழையது 150 மில்லிமீட்டர் உயரம். ஒரு கடையில் 185 மட்டும் கையிருப்பில் இருந்தது. “35 மில்லிதானேங்க, என்னாகப் போகுது” என்று பில் போடவே தயாராகிவிட்டார்கள். அந்த 35 மில்லியில் ட்ரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும், பாரம் பின் அச்சுக்குச் சாயும். சாதாரணப் பெட்டி 8 அடி 6 அங்குலம், உயரப் பெட்டி 9 அடி 6 அங்குலம். ஏற்கெனவே ஒரு அடி கூடுதலாகச் சுமக்கிற வண்டிக்கு முன்பக்கம் இன்னும் உயர்த்திக் கொடுப்பது சரியில்லை. ஒன்பது நாள் காத்திருந்து 150-ஐயே வாங்கினேன். சமதளத்தில் பாரத்தோடு நிற்கும்போது ட்ரெய்லர் சட்டத்தில் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பொருத்திய நாளில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். பழையதைக் கழற்றி, ஃபிப்த் வீல் உட்காரும் அடித்தகட்டைக் கழுவினோம். பார்வைக்குச் சுத்தம். அண்ணன் தகடு முழுக்க டீசல் தடவி, கால் மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் பொடியைத் தூவினார். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், வெள்ளைப் பொடியில் முன்பக்க போல்ட் துளையிலிருந்து மயிரிழை மாதிரி ஒரு ஈரக் கோடு. நான்கு விரல் நீளம். விரிசலுக்குள் இறங்கிய டீசல் சாக்பீஸில் ஊறி வெளியே காட்டிக்கொடுத்துவிட்டது. எந்தக் கருவியும் இல்லை, ஒரு சாக்பீஸ். அந்தத் தகட்டையும் மாற்றினோம். பழைய போல்ட்டுகளில் மூன்று வேறு வேறு தரம் கலந்திருந்தது, துளைகள் நீண்டு முட்டையாகியிருந்தன. முன்பு மாட்டியவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது, இப்படி மாட்டி ரோட்டில் விட்டார்களே என்று இன்றைக்கும் கோபம் வருகிறது.

புதிதில் போல்ட் எல்லாம் 16 மில்லிமீட்டர், 10.9 தரம். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில்தான் இறுக்கினோம். நெம்புகோலில் பைப் போட்டுத் தொங்கி இறுக்குவது இறுக்கமே இல்லை. ஒவ்வொரு நட்டிலும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தோம், நட்டு நகர்ந்தால் கோடு உடையும். சேஸியின் மேல் விளிம்பில் துளை போடவும் கூடாது, வெல்டிங் வைக்கவும் கூடாது. பக்கச் சுவரில் கோணச் சட்டம் போல்ட் செய்து, அதன் மேல்தான் தகடு.

இன்னொன்று, இடம். பழைய ஆள் ஃபிப்த் வீலைப் பின் அச்சுக்கு மிக அருகில் வைத்திருந்தார். மழையில் மண்ணுத்தி வளைவில் ஸ்டியரிங் லேசாகி மிதப்பதுபோல இருக்கும், டயர்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். எடை மேடையில் முன் அச்சை மட்டும் ஏற்றிப் பார்த்தால் 5,480 கிலோ. அனுமதி 7,000. சேஸி கம்பெனி கொடுத்திருக்கும் துளை வரிசைக்குள்ளேயே 200 மில்லிமீட்டர் முன்னே நகர்த்தினோம். தலைப்பாரம் 11.5 டன், அச்சுக்கும் அச்சுக்கும் இடையே 3.5 மீட்டர் என்றால் சுமார் 650 கிலோ முன்னுக்கு வர வேண்டும். அதே மாதிரிப் பாரத்தோடு மறுபடி ஏற்றினால் 6,120. கணக்கும் மேடையும் ஏறக்குறைய ஒத்துப்போனதில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. நகர்த்துமுன் கேபினுக்கும் பெட்டி மூலைக்கும் இடைவெளி பார்க்க மறக்காதீர்கள். கிங் பின்னிலிருந்து மூக்கு 1 மீட்டர், பெட்டியின் பாதி அகலம் 1.22 மீட்டர் என்றால் மூலை 1.58 மீட்டர் ஆரத்தில் வீசும். எனக்கு ஒரு சாணுக்கு மேல் மிச்சம் இருக்கிறது.

இப்போது மூன்று வருஷ உழைப்பு எப்படி என்றால்: சத்தம் முதல் நாளே போய்விட்டது. 500 கிலோமீட்டரில் நட்டுகளைச் சரிபார்த்தோம், ஒரு கோடு மட்டும் உடைந்திருந்தது. 1 லட்சத்து 30 ஆயிரத்தில் லேசாக ‘டக்’ திரும்ப வந்தது. சரிசெய்யும் திருகை ஒருமுறை திருப்பினோம், நின்றுவிட்டது. தாடை கிட் இன்னும் மாற்றவில்லை. முன்பு ஒரே வருஷத்தில் இரண்டு மாற்றியவன் நான்.

குறை இல்லாமல் இல்லை. திறக்கும் கைப்பிடி இடது பக்கம், இறுக்கமானது. சுவர் ஓரம் நிறுத்திவிட்டால் இழுக்கக் கை போதாது, கொக்கிக் கம்பி ஒன்று செய்து வைத்திருக்கிறோம். இரண்டாவது வருஷம் தாங்கு ரப்பர் புஷ் ஒன்று வெடித்தது. உதிரி வர 11 நாள். அதனால் இப்போது ஒரு ஜோடி வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன்.

கிரீஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முன்பு வாளையார் செக்போஸ்ட்டில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்போம். அந்த நேரத்தில்தான் டிரைவர்கள் வண்டிக்கடியில் புகுந்து கிரீஸ் அடிப்பது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வரிசை போனது, கூடவே கிரீஸ் அடிக்கும் வழக்கமும் போனது. நிற்காமல் ஓடுவது நல்லதுதான், ஆனால் அதற்கென்று ஒரு நாளை நாமே ஒதுக்க வேண்டும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை. கேரளத்தில் இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் வாரத்துக்கு இரண்டு முறை, ஏனென்றால் தகட்டின் முன்விளிம்பில் கிரீஸ் கழுவிப்போய் இரும்பும் இரும்பும் உரச ஆரம்பிக்கும். கோடைப் புழுதியில் புதிய கிரீஸை பழையதன் மேலேயே அப்பக் கூடாது. மணலும் கிரீஸும் சேர்ந்தால் சாணைக்கல். வழித்தெடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும்.

2023 மழையில் ஒரு ராத்திரி. கொச்சிப் பக்கம் ஒரு யார்டில் இரண்டு நாள் நிறுத்தியிருந்த என் ட்ரெய்லரைப் பூட்டப் போனேன். அங்கே யாரோ தங்கள் வண்டியால் நகர்த்துவதற்காக லேண்டிங் லெக்கால் ட்ரெய்லரை இரண்டு அங்குலம் உயர்த்தியிருந்தார்கள். பின்னால் போனேன், ‘களக்’ என்று பூட்டு விழுந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. ட்ரெய்லர் பிரேக்கைப் போட்டு முதல் கியரில் இழுத்தும் பார்த்தேன், பிடித்துக்கொண்டது. வண்டியில் உதவிக்கு வரும் பையன் வழக்கம்போல டார்ச்சோடு அடியில் குனிந்தான். “அண்ணா, எறங்குங்க. ரெண்டு தகட்டுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியுது.” பின் தாடைக்குள் இறங்கவே இல்லை. மேல் ஓரத்தில் தொற்றிக்கொண்டு நின்றது. அப்படியே கண்டெய்னர் ரோட்டில் ஏறியிருந்தால் முதல் மேட்டில் ட்ரெய்லர் தனியாகப் போயிருக்கும். எவ்வளவு நல்ல ஃபிப்த் வீல் வாங்கினாலும் இதை அது தடுக்காது. ட்ரெய்லர் தகடு ஃபிப்த் வீலைவிடக் கொஞ்சம் தாழ்ந்து இருக்க வேண்டும், முன்வண்டி உள்ளே நுழைந்து அதைத் தூக்க வேண்டும். சத்தத்தையும் இழுவையையும் நம்பாமல் கண்ணால் பாருங்கள்: தகடுகளுக்கு நடுவே இடைவெளி இல்லை, தாடை பின்னின் பின்புறம் மூடியிருக்கிறது, கைப்பிடி கொக்கி மாட்டியிருக்கிறது. அந்தப் பையனுக்கு அன்றைக்கே நல்ல டார்ச் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாயில் காலி உயரப் பெட்டியோடு எதிர்க்காற்றில் போகிறவர்களுக்குத் தெரியும், இணைப்பில் உள்ள சிறு ஆட்டமும் அங்கே பெரிதாகும். அதனால் வருஷம் ஒருமுறை, ஆனிக் கடைசியில், பின்னைத் துடைத்து இரண்டு பக்கமும் வெர்னியர் வைக்கிறோம். போன முறை குறுக்காக 50.7, முன்பின்னாக 50.2.