சுண்ணாம்புக்கல்லா, மணற்கல்லா?

இரண்டும் படிவுப் பாறைகள். இரண்டுமே வெளிர் மஞ்சளிலோ சாம்பல் நிறத்திலோ கிடைக்கும்; கண்ணை மட்டும் நம்பினால் கல்லோடு பழகியவரே ஏமாறலாம். ஆனால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டால் போதும். சுண்ணாம்புக்கல் சுர்ரென்று நுரைக்கும், மணற்கல் பெரும்பாலும் சும்மா கிடக்கும். அமிலம் இல்லையென்றால் இரும்பாணி. மோஸ் அளவில் (தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை காட்டுவது) கடினம் 3 மட்டுமே உள்ள சுண்ணாம்புக்கல்லில் கோடு விழும். மணற்கல்லின் குவார்ட்ஸ் மணிகளுக்குக் கடினம் 7. மணி உதிரலாம், கீறல் விழாது.

மணற்கல் பழைய பாறைகளின் பொடி. ஆறும் காற்றும் கொண்டுவந்த மணல் புதைந்து, இடுக்குகளில் தாதுக்கள் சாந்துபோலப் படிந்து இறுகியது. சுண்ணாம்புக்கல்லோ பெரும்பாலும் சிப்பி, பவளம், நுண்ணுயிர்களின் ஓடு. கீசா பிரமிடுகளின் கல்லில் காசு காசாக நியூமுலைட் என்ற பழங்கால ஒற்றைச்செல் கடலுயிரிகளின் ஓடுகள் தெரியும். வேலையாட்கள் தின்று மிஞ்சிய பருப்புதான் கல்லாகிவிட்டது என்று அங்கே ஒரு பேச்சு இருந்ததை கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே குறித்து வைத்திருக்கிறார்!

சரி, கட்டடத்துக்கு எது? மணற்கல் என்றால் மணலைப் பார்க்காதீர்கள், சாந்தைப் பாருங்கள். சிலிக்கா (குவார்ட்ஸும் இதே பொருள்தான்) சாந்து என்றால் கவலையில்லை, என் ஓட்டு அதற்குத்தான். களிமண் சாந்து ஈரத்தில் இளகும். கால்சைட் (சுண்ணாம்புக்கல்லின் முக்கியத் தாது) சாந்து அமிலத்தில் நுரைக்கும் (மேலே ‘பெரும்பாலும்’ என்றது இதனால்தான்), அமில மழையில் மணி மணியாக உதிரும். சுண்ணாம்புக்கல் உளிக்கு இதமானது, ஆனால் அதே மழை சிலையின் மூக்கையும் காதையும் மெல்ல மழுங்கடித்துவிடும். இன்னொன்று: மணற்கல்லை உலர்வாக அறுக்கவே கூடாது. அந்தச் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயை உண்டாக்கும்.

சூளை என்று வந்தால் போட்டியே இல்லை. சுமார் 900 டிகிரி செல்சியஸில் 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் மிஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. மீதி 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். களிமண்ணோடு சேர்த்து 1,450 டிகிரி வரை கொண்டுபோனால் சிமென்ட் கிளிங்கர், அதாவது அரைத்தால் சிமென்டாகும் கட்டி. இரும்பு உலை, கண்ணாடி, அமிலம் ஏறிய வயல் மண் எல்லாமே சுண்ணாம்புக்கல்லைத்தான் கேட்கும்.

நிலத்தடி நீரில் மணற்கல் முந்திவிடுகிறது. அதன் நுண்துளைகளில் நீர் மெதுவாக ஊர்ந்து வடிகட்டப்படுகிறது. சுண்ணாம்புக்கல்லிலும் நீர் ஏராளம்தான், ஆனால் கரைந்து உண்டான வெடிப்பும் குகையுமாக வழி திறந்திருப்பதால், மேலே கொட்டிய அழுக்கு அப்படியே கிணற்றுக்கு வந்துவிடும்.