சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா: அம்மாவுக்கு நாங்கள் எடுத்த முடிவு

அல்ட்ராசவுண்டில் அம்மாவின் கல்லீரலில் ஒரு நிழல் தெரிந்தது. அடுத்து எக்ஸ் கதிரால் உடலின் உள்ளே படமெடுக்கும் சி.டி. எடுக்கலாம், கதிர்வீச்சு இல்லாமல் காந்தத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ.யும் எடுக்கலாம் என்றார் மருத்துவர். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் இதே பேச்சுதான். கடைசியில் சி.டி. என்று முடிவு செய்தோம். இன்று கேட்டாலும் அம்மாவுக்கு அதையேதான் சொல்வேன்.

எம்.ஆர்.ஐ.க்குச் செலவு கூடுதல். காப்பீட்டில் இரண்டுக்குமே முன் அனுமதி வாங்க வேண்டும். எங்களுக்கு முடிவு அதில் இல்லை. அசையாமல் படுத்திருக்க வேண்டிய நேரத்தில் இருந்தது.

அம்மாவுக்கு 71 வயது. முதுகுவலியால் பத்து நிமிடம் மல்லாந்து படுப்பதே பெரும்பாடு. கல்லீரலுக்கான எம்.ஆர்.ஐ. என்றால் இரைச்சலிடும் குழாய்க்குள் அரைமணி நேரமாவது படுத்து, மூச்சைத் திரும்பத் திரும்ப அடக்க வேண்டும். அசைந்தால் படம் கலங்கிவிடும். சி.டி. கருவியோ அகலமான வளையம்தான். படமெடுப்பது சில விநாடி. ஊசி, ஆயத்தம் எல்லாம் சேர்த்தும் கால்மணி நேரத்தில் அம்மா எழுந்துவிட்டாள்.

அந்தச் சில விநாடிக்கும் பழக்கம் வேண்டும். முந்தைய இரவு சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். முதல் தடவை ஐந்து எண்ணுவதற்குள் சிரித்துவிட்டாள். நான்காவது தடவை பதினைந்து வரை பிடித்தாள்.

காத்திருந்த நேரத்தில், சி.டி. கருவிக்கு வழிவகுத்த கணக்குகளைப் போட்ட ஆலன் கார்மக் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர் என்று அம்மாவிடம் சொன்னேன். கேப்டவுனில் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் 1956-இல் வேலை பார்த்தபோது எழுந்த யோசனை அது. 1979-இல், கருவியை உருவாக்கிய ஆங்கிலேயப் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். "நம்ம ஊர்க்காரரா!" என்று அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தாலியைக் கழற்றச் சொல்லிவிடுவார்களோ என்பதுதான் அவளுடைய பெரிய கவலை. எம்.ஆர்.ஐ. என்றால் உலோக நகை எதுவும் போட்டிருக்கக்கூடாது. சி.டி.யில் படமெடுக்கும் பகுதிக்குக் குறுக்கே வராமல் தோள்பக்கம் ஒதுக்கிவிடச் சொன்னதோடு சரி.

படம் தெளிவாகத் தெரிய அயோடின் கலந்த மருந்தை ஊசி வழியே ஏற்றும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவும். சிறுநீர் போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும். முன்பே சொல்லி வைத்திருந்தேன். வெளியே வந்ததும், "நீ சொன்னபடியே இறங்கியது, ராசா" என்றாள். மருந்து ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுவது, இவற்றில் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சி.டி.யின் குறை கதிர்வீச்சு. வயிற்றுக்கு ஒரு முறை எடுத்தால், இயற்கையிலேயே சில ஆண்டுகளில் நம்மீது படும் அளவு சேர்ந்துவிடுகிறது. அம்மாவின் வயதில் அது என்னைத் தடுக்கவில்லை. என் மகளுக்கு என்றால் எம்.ஆர்.ஐ. பக்கம் சாய்ந்திருப்பேன், கர்ப்பிணிக்கு என்றால் முதலில் மருத்துவரிடம்தான் கேட்பேன்.

எம்.ஆர்.ஐ.யில் என் அனுபவம் முழங்காலுக்கு எடுத்த ஒரே ஒரு தடவைதான். அப்போது தலை வெளியே இருந்தது. முழுதாக உள்ளே போவது எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. சி.டி.யில் தெளியாவிட்டால் எம்.ஆர்.ஐ.யும் எடுக்க வேண்டிவரும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். நல்லவேளையாக அது தேவைப்படவில்லை: வெறும் நீர்க்கட்டி.