ஜோன் ஹம்டன் கையேடு: வாங்கலாமா?

திருநெல்வேலிச் சந்திப் பக்கம் போட்டோக்கொப்பிக் கடையில் கிடைக்கும் உயர்தரப் பரீட்சை வரலாற்றுக் கையேடு. கப்பல் பண வழக்குப் பகுதிக்காகவே காசு கொடுக்கலாம். கரையோர ஊர்களிடம் ஆபத்துக் காலத்தில் கேட்கும் இந்தக் கப்பல் பண வரியை இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்ள்ஸ் 1635 இல் உள்நாட்டுக்கும் நீட்டினார். பக்கிங்ஹம்ஷயர் நிலவுடைமையாளரான ஹம்டன் 20 சிலிங் கட்ட மறுத்தார். அந்த ஆளுக்கு அது சில்லறைக் காசு. பாராளுமன்றச் சம்மதமில்லாத வரி என்பதுதான் சிக்கல். 12 நீதிபதிகளில் 7 பேர் மன்னர் பக்கம் நின்றார்கள். தோற்ற வழக்கே அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

மன்னர் 1642 சனவரி 4 இல் ஹம்டன் உட்பட ஐந்து பாராளுமன்ற உறுப்பினரைப் பிடிக்க வந்தது அரைப்பக்கம்தான், போதாது. ஹம்டன் உள்நாட்டுப் போரில் சல்குரோச் சண்டையில் காயப்பட்டது 1643 யூன் 18, இறந்தது 24. இரண்டையும் ஒரே நாளாக அடித்திருக்கிறார்கள், பேனையால் திருத்துங்கோ. சுருள் பைண்டிங் துளை இடப்பக்க எழுத்தைத் தின்கிறது. வாங்கமுதல் விரித்துப் பாருங்கோ.