வீடில் வளர்க்கலாமா? பல வருஷம் கூட வெச்சிருந்தவன் சொல்றேன்

போக்கிமான் ஃபயர்ரெட் கேமை இப்பதான் ஆரம்பிச்ச ஃப்ரெண்டு ஒருத்தன், ஆரம்பத்துல எடுத்த சார்மேண்டரை வெச்சுக்கிட்டு விரிடியன் ஃபாரஸ்ட்ங்கற முதல் காட்டுல பாதி வழியில நின்னு மெசேஜ் பண்ணான், "இந்த வீடில் கொட்டிக்கிட்டே இருக்குடா, பேசாம இதுலயே ஒண்ணப் புடிச்சு வளத்துடவா, ப்ராக் கிட்ட யூஸ் ஆகுமா"ன்னு. ப்ராக்னா முதல் ஜிம் லீடர். அவனுக்கு ஒரே வரியில பதில் சொல்லி முடிச்சிட்டேன், ஆனா மனசு ஆறல, ஏன்னா வீடில்ங்கற இந்த மஞ்சள் கம்பளிப்பூச்சிப் போக்கிமானைப் பத்தி எனக்குச் சொல்றதுக்கு நிறைய இருக்கு, அதுல பாதி கோவம் பாதி பாசம். நம்பர் 13, பூச்சி-விஷம் ரெட்டை டைப், லெவல் 7ல ககுனாங்கற கூடா மாறும், 10ல பீட்ரில்ங்கற குளவியா மாறும், இதெல்லாம் தெரிஞ்சவங்களுக்குத்தான் எழுதறேன், அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

விஷயம் என்னன்னா பாய்சன் ஸ்டிங், அதாவது வீடில் கொட்டற அடி. பவர் வெறும் 15. அடி பட்டதே தெரியாது. ஆனா கூடவே 30 சதவீதம் விஷம் ஏற சான்ஸ் இருக்கு பாருங்க, அதுலதான் எல்லாமே இருக்கு. சண்டை முடிஞ்சுது, ஜெயிச்சாச்சு, எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்டும் வந்தாச்சு, சரின்னு நடக்க ஆரம்பிப்பீங்க, ஒண்ணு ரெண்டு மூணு நாலு, சட்டுனு ஸ்க்ரீன் ஒரு தடவை கலங்கி ஒரு சத்தம் வரும், ஒரு ஹெச்பி, அதாவது ஒரு உயிர் பாயிண்ட், போச்சு. திரும்ப நாலு அடி, திரும்ப அதே சத்தம். லெவல் 8 சார்மேண்டருக்கு மொத்தமே இருபத்தி சொச்சம் ஹெச்பிதான் இருக்கும், சண்டையில பாதி போயிருந்தா மிச்சம் ஒரு பன்னெண்டு, அப்ப 48 அடி நடந்தா ஆள் காலி. அந்தக் காடோ சுத்தி சுத்திப் போற வழி, புல்லுக்குள்ள எறங்காம போக முடியாத எடம் வேற இருக்கு, இன்னொரு வீடில் வந்தா அது வேற ஸ்ட்ரிங் ஷாட் போட்டுப் போட்டு நம்ம ஸ்பீடைக் கொறைச்சு சண்டையை இழுக்கும். காட்டுக்குள்ள ஒரு போர்டே வெச்சிருப்பாங்க, விஷம் ஏறினா ஆன்டிடோட்ங்கற விஷமுறி மருந்தை யூஸ் பண்ணுங்க, கடையில கெடைக்கும்னு. விரிடியன் சிட்டி கடையில விலை 100. அந்த போர்டைப் படிக்கிற எடத்துல கடை இருக்காது, அதான் கொடுமை.

இதெல்லாம் எதிரியா இருக்கும்போது. சரி இவ்ளோ பாடாப் படுத்துதே, இது நம்ம கையில இருந்தா எப்படி இருக்கும்னு யாருக்குமே தோணும், என் ஃப்ரெண்டுக்கும் அதான் தோணிருக்கு. இங்கதான் என்னோட பெரிய மனக்கொறை. அதே வீடில், அதே பாய்சன் ஸ்டிங், நம்ம பக்கம் வந்ததும் ஒண்ணுமே இல்லாம போயிடுது. ஏன்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். அந்த விஷத்தோட மொத்த வலியும் நடக்கறதுலதான் இருக்கு, நடக்கறது நாம மட்டும்தான். எதிர்ல நிக்கிற ட்ரெயினர் நடக்கவே மாட்டான், அவன் போக்கிமான் அந்த ஒரு சண்டையோட சரி. காட்டு போக்கிமானும் அப்படித்தான், சண்டை முடிஞ்சா அது கதை முடிஞ்சுது. சண்டைக்குள்ள விஷம் ஃபயர்ரெட் கணக்குல ஒரு டர்னுக்கு மொத்த ஹெச்பில எட்டுல ஒரு பங்கு எடுக்கும், பழைய ரெட், ப்ளூ கேம்ல பதினாறுல ஒரு பங்குதான், ஆனா ஆரம்பத்துல வர்ற சண்டை எல்லாம் ரெண்டு மூணு டர்ன்ல முடிஞ்சுடும், அப்ப விஷம் ஏறி என்ன புண்ணியம், ஏற்கனவே சாகப்போற ரட்டாட்டாவுக்கு விஷம் வெச்ச மாதிரிதான். அந்த ஆயுதமே நம்மளை நோக்கி மட்டும் திருப்பி வெச்சிருக்காங்க. இதை வடிவமைச்சவங்க புத்திசாலிங்க, ஒத்துக்கறேன், ஆனா வீடிலை நம்பி வளத்தவனுக்கு இது அநியாயம்.

சரி, நியாயமாவும் பேசணும். ஒரு விஷயத்துல வீடில் எனக்குக் குடுத்த சந்தோஷத்தை வேற எதுவும் குடுக்கல. அதை டீம்ல முதல் எடத்துல வெச்சுட்டு அதே காட்டுக்குள்ள போய்ப் பாருங்க. விஷ டைப்புக்கு விஷம் ஏறாது. போதாக்கொறைக்கு அதோட அபிலிட்டி ஷீல்ட் டஸ்ட், எதிரியோட அடியில ஒட்டிக்கிட்டு வர்ற கூடுதல் பாதிப்பு எதுவுமே உள்ள வராது. எதிர்ல வர்ற வீடில் கொட்டு கொட்டுனு கொட்டும், பாதி டேமேஜ்தான் விழும், முடிஞ்சு நடந்தா ஸ்க்ரீன் கலங்காது, சத்தம் வராது, நாலு அடி, எட்டு அடி, காட்டு வாசல் வரைக்கும் நிம்மதியா நடந்து போயிடலாம். முதல் தடவை அந்த அமைதியை அனுபவிச்சப்ப எனக்கு அவ்ளோ நிம்மதியா இருந்துச்சு. கடைசில நிக்கிற பக் கேட்சர் பையன் கிட்ட லெவல் 9ல ஒரு வீடில் இருக்கும், 7லயே கூடு கட்டியிருக்க வேண்டியது, அவன் ஏனோ அப்படியே வெச்சிருக்கான், அதையும் பயமில்லாம எதிர்த்து நின்னுடலாம். ஆரம்பத்துல சார்மேண்டருக்குப் பதிலா புல்பசார் எடுத்தவங்களுக்கு இந்த அருமை தெரியாது, அதுவே பாதி விஷ டைப், அதுக்கும் விஷம் ஏறாது. சார்மேண்டர், ஸ்குவிர்ட்டில் எடுத்தவங்களுக்குத்தான் தெரியும்.

ககுனாவைப் பத்தி அதிகம் பேச ஒண்ணும் இல்ல, ஹார்டன், ஹார்டன், ஹார்டன், அதாவது அடிக்காம டிஃபென்ஸை மட்டும் ஏத்திக்கும். ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லிடறேன், காட்டுல நேரா ககுனாவாவே புடிக்காதீங்க, அதுக்கு ஹார்டன் மட்டும்தான் தெரியும், வீடிலா புடிச்சு வளத்தீங்கன்னா பாய்சன் ஸ்டிங் கூடவே வரும், மூணு லெவல் ஓட்டிடலாம்.

அப்பறம் 10ல பீட்ரில். இதுக்காக நான் எவ்ளோ வேணா சண்டை போடுவேன். முதல் ஜிம் லீடரைப் பாக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை மாறி முழு உருவத்துல ஒரு போக்கிமான் கையில இருக்கறது சாதாரண விஷயம் இல்ல, ரெண்டு கையிலயும் ஈட்டி, வாலுல ஒண்ணு, அந்த செவப்புக் கண்ணு. 20ல ட்வின்நீடில்ங்கற பூச்சி டைப் அடி வரும், ஒரே டர்ன்ல ரெண்டு குத்து, ஒவ்வொரு குத்துக்கும் தனித்தனியா விஷம் ஏற சான்ஸ். முதல் தலைமுறை கேம்ங்கள்ல இந்த மூவ் பீட்ரிலுக்கு மட்டுமே இருந்துச்சு. டேங்கெலா மாதிரி வெறும் புல் டைப் வந்தா அவ்ளோதான். அந்த நேரத்துல வீடில்னு ஒண்ணை வளத்ததுக்குப் பெருமையா இருக்கும்.

ஆனா என் ஃப்ரெண்டு கேட்டது ப்ராக் பத்தி. அங்க பீட்ரில் நிக்காது. ஜியோடூட் லெவல் 12, ஆனிக்ஸ் 14, ரெண்டும் பாறை-மண், பாய்சன் ஸ்டிங் நாலுல ஒரு பங்குதான் விழும், அப்ப கைல இருக்கற இன்னொரு அடி ஃப்யூரி அட்டாக், அது நார்மல் டைப், அதுவும் பாறை மேல பாதிதான். ஆனிக்ஸ் ராக் டூம் போட்டா பூச்சிக்கு டபுள் அடி. பக்கத்துப் புல்லுலயே ஊர்ந்துக்கிட்டு இருக்கற கேட்டர்பீங்கற பச்சைப் புழுவைப் புடிச்சு வளத்தா அதுவும் அதே லெவல் 10ல பட்டர்ஃப்ரீ ஆகி உடனே கன்ஃப்யூஷன்ங்கற ஸ்பெஷல் அடியைக் கத்துக்கும், அந்தப் பாறைங்களுக்கு ஸ்பெஷல் டிஃபென்ஸ் கம்மி, வேலை முடிஞ்சுது. ரெட்ல வீடில் அதிகமா வரும், ப்ளூல கேட்டர்பீ அதிகமா வரும், யெல்லோல வீடிலே கெடைக்காது, ஆனா ஃபயர்ரெட்ல ரெண்டும் தாராளமா இருக்கு, அப்ப எதுக்கு வீடில்? இந்தக் கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல, அதான் எரிச்சலா வருது.

இன்னொரு பக்கம் யோசிச்சா அந்த நாலடி விஷத்தையே எடுத்துட்டா வீடில்ல என்ன மிச்சம்னு தோணுது. நாலாவது தலைமுறையில ஒரு ஹெச்பில நின்னு தானாவே சரியாயிடற மாதிரி மாத்தினாங்க, 2010ல ப்ளாக் ஒயிட் வந்தப்ப நடக்கும்போது ஏறுற விஷத்தையே மொத்தமா தூக்கிட்டாங்க. எல்லாரும் நிம்மதின்னாங்க, நானும் அந்த சத்தத்தை வெறுத்தவன்தான். ஆனா 2018ல லெட்ஸ் கோ கேம் வாங்கி அதே விரிடியன் ஃபாரஸ்ட்டுக்குள்ள போறேன், புல்லுல வீடில் கண்ணெதிர்லயே ஊர்ந்து போகுது, தலையில அந்தக் கொடுக்கு, பெரிய மூக்கு, மொத்தமே 30 சென்டிமீட்டர், அழகா இருக்கு. கிட்டப் போனா சண்டையே கெடையாது, பால் தூக்கிப் போட்டுப் புடிக்க வேண்டியதுதான், அதால ஒரு தடவை கூட கொட்ட முடியாது. ட்ரெயினர் வெச்சிருக்கற வீடில் கொட்டினாத்தான் உண்டு. அப்ப எனக்கு நெஜமாவே கஷ்டமா இருந்துச்சு. மொத்த ஸ்டாட்டும் சேர்த்து 195 உள்ள ஒரு புழு, அதுக்கு மரியாதையே அந்தக் கொடுக்கால வந்தது, அதைப் புடுங்கிட்டு வெறும் பொம்மையா விட்டுட்டாங்க.

அதுக்கப்பறம் நடந்தது அதை விட மோசம். ஃபயர்ரெட்ல வளத்த என் பீட்ரிலை ஒவ்வொரு தலைமுறையா மாத்தி மாத்தி மேல கொண்டு வந்து போக்கிமான் ஹோம்ங்கற சேமிப்பு ஆப்ல வெச்சிருக்கேன். 2019ல ஸ்வோர்ட், ஷீல்ட் கேம் வந்துச்சு, லிஸ்ட்ல வீடில் குடும்பமே இல்ல. கேட்டர்பீ இருக்கு, பட்டர்ஃப்ரீக்கு ஜைகான்டமேக்ஸ்ங்கற ராட்சச உருவம் வேற குடுத்தாங்க. அதுக்குக் கூடுதல் பகுதியா டிஎல்சி வந்துச்சு, அதுலயும் இல்ல. 2022ல ஸ்கார்லெட் வயலெட், அதுலயும் இல்ல. முதல் காட்டுல இருந்தே கூட வர்ற ஒரு போக்கிமானை இப்படி வெளியில நிறுத்தினது என்னால ஏத்துக்கவே முடியல. மெகா பீட்ரில்னு சண்டைக்குள்ள மட்டும் மாறுற ஒரு பலமான உருவம் 2014லயே குடுத்திருந்தாங்க, அட்டாக் 150, ஸ்பீட் 75ல இருந்து 145, கூட அடாப்டபிலிட்டிங்கற அபிலிட்டி, சொந்த டைப் அடிக்கு ஒண்ணரை மடங்குக்குப் பதில் ரெண்டு மடங்கு. தட்டினா உடைஞ்சுடும், டிஃபென்ஸ் அதே 40தான், ஆனா முதல்ல அடிக்கறது அதுதான். கூடு கட்டித் தூங்கின புழு இவ்ளோ வேகமா பறக்கறதைப் பாக்கறதுக்கே தனி சந்தோஷம். போக்கிமான் கோ ஃபோன் கேம்ல வேற கதை, ககுனாவா மாத்த 12 கேண்டிதான்கிறதால 2016ல எக்ஸ்பியை டபுளாக்கற லக்கி எக் போட்டு எக்ஸ்பி ஏத்தறதுக்கு மட்டும் எல்லாரும் மூட்டை மூட்டையா புடிச்சாங்க, மாத்தினாங்க, தூக்கிப் போட்டாங்க. எனக்கு அது புடிக்கல.

ஆக வளக்கலாமான்னா, ஃபயர்ரெட்ல இப்ப சார்மேண்டரோட மாட்டிக்கிட்டு இருக்கற ஆளுக்கு வேண்டாம்னுதான் சொல்லுவேன். கேட்டர்பீயைப் புடி, ப்ராக்கை முடி, மெட்டல் க்ளாங்கற அடி வர லெவல் 13 வரைக்கும் சார்மேண்டரை ஏத்து. என் பீட்ரிலை யாராவது நல்ல ஷைனி, அதாவது அபூர்வ நிறப் போக்கிமான், குடுத்து மாத்திக்கறியான்னு கேட்டா குடுக்க மாட்டேன், அது வேற விஷயம். அதையும் மீறி புடிச்சே ஆகணும்னு இருந்தா லெவல் 5 வீடிலா பாத்துப் புடி, முதல் எடத்துல வெச்சுக்கோ, காட்டுல கீழயே ஒரு ஆன்டிடோட் கெடக்கும், அதை எடுத்து சார்மேண்டருக்கு வெச்சுக்கோ, மிச்சத்தை வீடில் பாத்துக்கும்.