பிரிக்பீல்ட்ஸில் ஒரு போர்க்களப் பாதுகாப்புப் பயிற்சி: ஓட்டுநருக்கும் இடம் உண்டா?

ஆபத்தான பகுதிகளுக்குச் செல்லும் செய்திக் குழுக்களுக்கான பாதுகாப்புப் பயிற்சியொன்று, கோலாலம்பூரின் ஜாலான் துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் வார இறுதிகளில் நடைபெறுகிறது. முன்னாள் செய்தி ஒளிப்பதிவாளர் ஒருவரும், அவசரச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய தமிழ்த் தாதி ஒருவரும் இதனை நடத்துகின்றனர். இரண்டு நாள் பயிற்சிக்குக் கட்டணம் 850 ரிங்கிட். மதிய உணவும் அதில் அடங்கும். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

ஓட்டுநர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், ஒலிப்பதிவு உதவியாளர்கள், ஃபிக்சர் எனத் தொழிலில் அழைக்கப்படும் உள்ளூர் ஏற்பாட்டாளர்கள் ஆகியோரும் சேரலாம் என்று விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி இருந்தது. கோலாலம்பூரில் இத்தகையோர் குறைவல்லர். அல் ஜசீரா ஆங்கில அலைவரிசை 2006-இல் தொடங்கப்பட்டபோது அதன் நான்கு ஒளிபரப்பு மையங்களில் ஒன்று இந்நகரில்தான் இருந்தது. தொகுப்பறையில் வேலை செய்யும் நான் அந்த வரியைப் பார்த்தே சேர்ந்தேன். அதை வைத்தே இப்பயிற்சியை மதிப்பிடுகிறேன்.

முதலுதவிப் பகுதி மிகச் சிறப்பு. இரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் டூர்னிக்கே பட்டையைத் தொடையின் மேற்பகுதியில் சுற்றி, அதிலுள்ள குச்சியைத் திருகும்போது, வலி பொறுக்காமல் பெரும்பாலோர் பாதியிலேயே நிறுத்திவிடுகின்றனர். தாதி விடவில்லை, பாதத்தில் நாடித்துடிப்பு அடங்கும்வரை திருகச் சொல்லி, விரல் வைத்துத் தாமே சரிபார்த்து, கட்டிய நேரத்தை மார்க்கரால் எழுதவைத்து, உடனே தளர்த்தினார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, ஒரே கையால் அதையே மீண்டும் செய்யச் சொன்னார். புகைப்படக் கலைஞர் டிம் ஹெதரிங்டன் 2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ராத்தாவில் தொடைக் காயத்தின் இரத்தப்போக்கால் இறந்ததையும், அதன்பின் அவருடைய நண்பர் செபாஸ்டியன் யுங்கர் தனித்து இயங்கும் செய்தியாளர்களுக்காக இலவச முதலுதவிப் பயிற்சி அமைப்பைத் தொடங்கியதையும் அவர் கூறியபோது, வலித்த தொடையைத் தடவிக்கொண்டிருந்த எவரும் முனகவில்லை.

பாதுகாப்பு அங்கி பற்றிய பகுதியும் பயனுள்ளதே. மெல்லிய அங்கி கைத்துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும். ரைஃபிள் எனப்படும் நீண்ட துப்பாக்கியின் ரவைக்குக் கனமான தகடுகள் வேண்டும் என்பதைப் பயிற்றுநர் விளக்கிவிட்டு, குழுவுக்கு ஓர் அங்கி குறைந்தால் யார் அணியாமல் வருவார் என்று கேட்டார். அறையிலிருந்த அனைவருக்கும் விடை தெரிந்திருந்தது.

அதே கேள்வியைத்தான் அவர் எடுத்துக்காட்டிய நிகழ்வுகள் ஒவ்வொன்றிலும் தொடர்ந்தார். 2007-இல் ஆப்கானிஸ்தானில் இத்தாலியச் செய்தியாளர் டானியேலே மாஸ்ட்ரோஜாகோமோவுடன் கடத்தப்பட்ட ஓட்டுநர் சையது ஆகாவும் மொழிபெயர்ப்பாளர் அஜ்மல் நக்‌ஷ்பந்தியும் கொல்லப்பட்டனர். கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலை பெற்றவர் இத்தாலியர் மட்டுமே. 2011 மார்ச்சில் லிபியாவில் நியூயார்க் டைம்ஸ் குழுவினர் நால்வர் பிடிபட்டுச் சில நாட்களில் விடுவிக்கப்பட்டனர். அவர்களின் ஓட்டுநர் முகமது ஷக்லூப் திரும்பவில்லை. நம் நாட்டுப் பெர்னாமா தொலைக்காட்சி ஒளிப்பதிவாளர் நோராம்ஃபைசுல் முகமது நோர், மனிதாபிமான உதவிக் குழுவைப் படம்பிடிக்கச் சென்று, 2011 செப்டம்பர் 2 அன்று மொகடிசுவில் ஆப்பிரிக்க ஒன்றிய அமைதிப்படையினரின் துப்பாக்கிச்சூட்டில் இறந்ததைப் பற்றிப் பேசும்போது மட்டும் பயிற்றுநரின் குரல் மாறியது. சோதனைச் சாவடியில் வண்டியைத் திருப்புவதா நிறுத்துவதா என்பதை யார் முடிவு செய்வது, ஓட்டுநர் வேண்டாம் என்று சொன்னால் அந்தச் சொல் செல்லுமா என்பதையெல்லாம் புறப்படுவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதே இப்பயிற்சியில் கிடைத்த ஆகச் சிறந்த பாடம் என்பேன்.

இவ்வளவு சொன்னவர்கள் ஒப்பந்தம், காப்புறுதி ஆகியவற்றுக்கு இரண்டாம் நாள் மாலையில் அரை மணி நேரம்தான் ஒதுக்கினர். தொலைக்காட்சிக் குழுக்களுக்கு வேன் ஓட்டும் செந்தூல்காரர் ஒருவர் எழுந்து, “சார், கேமராமேன் பேரு காப்புறுதியில இருக்கும். வேன் ஓட்டுற என் பேரு இருக்கான்னு நான் யாரைக் கேக்கிறது?” என்றார். நிறுவனத்தைக் கேளுங்கள் என்பதே பதில். எந்த நிறுவனம்? வேன் வாடகை நிறுவனமா, தொலைக்காட்சி நிலையமா? நாள்கூலிக்கு அமர்த்தப்படுபவருக்கு மருத்துவச் செலவு, ஊர் திரும்பும் செலவு, குடும்பத்துக்கான இழப்பீடு ஆகியவற்றை யார் ஏற்பது என்பதை எழுதிய மாதிரி ஒப்பந்தம் ஒன்றையாவது கையில் கொடுத்திருக்கலாம்.

கையேடு ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது. வகுப்பில் மலாயும் தமிழும் தாராளமாகப் புழங்கியதால் குறை தெரியவில்லை. வீட்டில் திரும்பப் படிக்க நினைக்கும் ஓட்டுநருக்குத்தான் தெரியும். கட்டணமும் அப்படித்தான். சம்பளத்துக்கு வேலை செய்யும் செய்தியாளருக்கு அலுவலகம் கட்டிவிடும். செந்தூல்காரர் சொந்தப் பணத்தைக் கட்டியிருந்தார், வகுப்பில் ஓட்டுநர் என்று வந்தவரும் அவர் ஒருவரே.

மதியம் வந்த வாழையிலைச் சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்து வருவது நல்லது. முதலுதவிப் பகுதி ஒன்றுக்காகவே இப்பயிற்சியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஓட்டுநர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் அடுத்த முறை பாதிக் கட்டணம் வாங்கலாமா என யோசிப்பதாக ஏற்பாட்டாளர்கள் கூறினர். விண்ணப்பிப்பவர்கள் அதைப் படிவத்தில் எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளவும்.