நாய்க் காப்பகத்தில் 13,500 ரூபாய் கட்டி ஏமாந்தேன்: நாய் வளர்ப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

இந்த மாதம் என் பாட்காஸ்டில் புதிய பகுதி ஏன் வரவில்லை என்று பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதும் மனநிலையில் நான் இல்லை என்பதால் காரணத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன். என் நாய் செவலையை ஒன்பது நாள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி 13,500 ரூபாயை முழுவதுமாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டவர்கள், அவளை எங்கோ ஒரு கொட்டகையில் அடைத்துவைத்து, உடம்பெல்லாம் உண்ணியோடு என்னிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. கோபம் தணிவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகத் தொண்டர்கள் திருச்சியில் விடுதலைப் போராட்ட வீரர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து புறப்பட்டு வேதாரண்யம் வரை நடந்தார்கள் அல்லவா, அந்த வழியில் உள்ள ஊர்களின் இன்றைய ஒலிகளைப் பதிவு செய்து அதே தேதியில் ஒரு தொடரைத் தொடங்க வேண்டும் என்பது என் இரண்டு வருட ஆசை. அலுவலகத்தில் ஒன்பது நாள் விடுப்புக் கிடைத்தது. செவலை சிப்பிப்பாறை என்ற நாட்டு இனத்துப் பெட்டை, நான்கு வயது. சித்திரை வெயிலில் அவளைப் பேருந்திலும் சாலையிலுமாக இழுத்துக்கொண்டு அலைய முடியாது. வழக்கமாக அவளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா, தன் மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தார். வளர்ப்புப் பிராணிகளுக்குத் தங்குமிடம் தேடித்தரும் ஒரு செயலியில் தேடியபோது, திருச்சியின் புறநகரில் 'கூண்டு இல்லாத, வீட்டுச் சூழல் காப்பகம்' என்று ஒன்று கண்ணில் பட்டது. அதன் பெயரையும் செயலியின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்க இருக்கிறேன், அதற்கு முன் பெயரைப் போட வேண்டாம் என்று வழக்கறிஞரான நண்பர் சொல்லியிருக்கிறார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோய் விடவில்லை. ஒரு வாரம் முன்பே நேரில் போய்ப் பார்த்தேன். வாசலில் வேப்பமரம், உள்ளே விசாலமான கூடம், ஓரமாகத் துவைத்து விரித்த மெத்தைகள், சோபாவில் இரண்டு நாய்கள் தூங்கிக்கொண்டிருந்தன. சிப்பிப்பாறை வளர்த்தவர்களுக்குத் தெரியும், அவை வெளியாள் கையில் எளிதில் எதையும் வாங்கித் தின்னா. காப்பகத்தை நடத்தும் அம்மாள் எதுவும் பேசாமல் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, உள்ளங்கையில் ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறியை வைத்து நீட்டியபடி பத்து நிமிடம் அசையாமல் இருந்தார். செவலை சுற்றிச் சுற்றி வந்து, கழுத்தை நீட்டி மோந்து பார்த்து, கடைசியில் அந்தக் கையிலிருந்தே எடுத்துத் தின்றாள். "நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்துக்கிறோம் சார், நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்க" என்றார். அந்தப் பத்து நிமிடத்தில் என்னிடம் இருந்த சந்தேகம் முழுவதும் கரைந்துவிட்டது. இத்தனை நடந்த பிறகும் அந்தக் கையை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. நாயைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் செய்த தவறாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். இவர் நாயின் மனம் அறிந்தவர். அந்த அறிவை என்னை நம்பவைப்பதற்கு மட்டும் பயன்படுத்தினார்.

பணப் பேச்சு வந்தபோது, செயலி வழியாகக் கட்டினால் நாளுக்கு 1,800 ரூபாய் ஆகும், நேரடியாக ஜிபேயில் அனுப்பினால் கமிஷன் போகாது என்பதால் 1,500 ரூபாய் போதும் என்றார். ஒன்பது நாளுக்கு 13,500 ரூபாய். அங்கேயே நின்றபடி அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு, "ஜிபேயிலேயே இருக்கே சார்" என்றார். தடுப்பூசி அட்டையைப் பார்க்கக்கூட அவர் கேட்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒரு நாயின் அட்டையைப் பார்க்காதவர் மற்ற நாய்களின் அட்டையையும் பார்த்திருக்க மாட்டார் என்று அன்றே நான் யோசித்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 12 மாலை அவளை விட்டுவிட்டுப் புறப்பட்டேன். தினமும் இரவு எட்டு மணிக்கு ஒரு காணொளி வரும் என்று சொன்னபடியே வந்தது. கூடத்தில் செவலை நடக்கிறாள், மெத்தையில் படுத்திருக்கிறாள், ஜன்னலைப் பார்க்கிறாள். நான்காம் நாள் இரவு, கும்பகோணத்தில் ஒரு விடுதியில், அன்று பதிவு செய்ததைக் கேட்பதற்காகத் தலையணி மாட்டியிருந்தேன். அப்படியே அந்த நாளின் காணொளியையும் கேட்டேன். வெளியே ஒரு குயில் மூன்று முறை கூவுகிறது, பிறகு குக்கர் விசில், பிறகு யாரோ எவர்சில்வர் பாத்திரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம், அதன் மேலேயே செவலையின் கழுத்து மணி இரண்டு தடவை. இதை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. வாரக்கணக்கில் உட்கார்ந்து இருமலையும் மின்விசிறி இரைச்சலையும் வெட்டிக்கொண்டிருப்பவனுக்கு ஒலி மறப்பதில்லை. நான்கு நாள் காணொளிகளின் ஒலியையும் பிரித்தெடுத்து ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். முதல் நாள் காணொளியில் பதினோராவது நொடியில் வரும் குக்கர் விசில் இரண்டாம் நாள் காணொளியில் நான்காவது நொடியில் வருகிறது. விசிலுக்கும் பாத்திரச் சத்தத்துக்கும் நடுவில் எல்லாவற்றிலும் சரியாக ஆறு நொடி. அலைவடிவங்களை நகர்த்திப் பொருத்தியபோது மேடும் பள்ளமும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே உட்கார்ந்தன. நான்கும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் எடுத்த ஒரு நீண்ட காணொளியிலிருந்து வெட்டிய துண்டுகள். அப்படியானால் மற்ற நாட்களில் அவள் எங்கே இருந்தாள் என்ற கேள்வியோடு அன்றிரவு நான் தூங்கவில்லை.

காலையில் அழைத்தேன். "பையன் தெரியாம பழைய வீடியோவை அனுப்பிட்டான் சார், நாய் சூப்பரா இருக்கு" என்றார். வீடியோ அழைப்பில் காட்டச் சொன்னேன். நெட் சரியில்லை, இன்னும் அரை மணியில் கூப்பிடுகிறேன் என்றவர் கூப்பிடவே இல்லை. மறுநாள் மன்னார்குடியில் இருந்தபோது ஒன்பது தடவை அழைத்தேன். ஒரே ஒரு முறை ஒரு பையன் எடுத்து, மேடம் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டான். பதிவை அப்படியே நிறுத்திவிட்டு இரவோடு இரவாகத் திருச்சிக்குத் திரும்பினேன். வேதாரண்யத்தை நான் பார்க்கவே இல்லை.

ஏப்ரல் 19 காலை ஏழு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். கூடத்தில் மெத்தைகள் விரித்தது விரித்தபடி இருந்தன. ஒரு நாய்கூட இல்லை. 'வாக்கிங்' போயிருக்கிறார்கள் என்றார்கள். இரண்டு மணி நேரம் வாசலில் நின்ற பிறகு ஒரு குட்டியானை வண்டி வந்தது. அதன் பின்புறத்தில் இரும்புக் கூண்டுகள். அவற்றில் ஒன்றில் செவலை. இறக்கி விட்டதும் என்னை நோக்கி ஓடிவரவில்லை. நான்கு காலையும் ஊன்றி நின்று நடுங்கினாள். எங்கிருந்து கொண்டுவருகிறீர்கள் என்று ஓட்டுநரிடம் கேட்டதற்கு, ஊருக்கு வெளியே ஒரு 'ஷெட்' இருக்கிறது என்று அவர் சொல்லத் தொடங்கினார். அந்த அம்மாள் அவரை உள்ளே அனுப்பிவிட்டார்.

விலா எலும்புகள் எண்ணும்படி இருப்பதைக் காட்டினேன். "இந்த ஜாதியே ஒல்லிதானே சார்" என்றார். சிப்பிப்பாறை ஒல்லியான இனம்தான். கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் லேசாகத் தெரிவது அதன் உடல்வாகு. இடுப்பெலும்பும் முதுகெலும்பும் முட்டிக்கொண்டு நிற்பது உடல்வாகு அல்ல, பட்டினி. முன்னங்கால் முழங்கைகள் இரண்டிலும் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. கொழுப்பும் மயிரும் குறைந்த இந்த நாய்களை வெறும் சிமெண்ட் தரையில் படுக்கவைத்தால் முதலில் தேய்வது அந்த இடம்தான். மெத்தைகளைக் காட்டித்தானே 13,500 ரூபாய் வாங்கினார்கள்?

வீட்டுக்கு வந்து அவளை மடியில் கிடத்தி உண்ணி பார்த்தேன். காதின் உள்மடிப்பில், கழுத்துப் பட்டைக்கு அடியில், கால் விரலிடுக்குகளில் என்று எண்ணி இருபத்து மூன்று எடுத்தேன். ஒவ்வொன்றாக இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக இழுத்து எடுக்கும்போதும் அவள் முனகவில்லை. மூன்றாம் நாள் சோற்றைத் தொடவில்லை. ஈறு வெளிறியிருந்தது. ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் 42,000 மட்டுமே இருந்தது. ஆரோக்கியமான நாய்க்கு இரண்டு லட்சத்தையொட்டி அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். உண்ணி கடித்துப் பரவும் எர்லிச்சியா என்ற கிருமி என்றும், கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் காணும் என்றும் மருத்துவர் விளக்கினார். டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள் தவறாமல் கொடுக்க வேண்டும். மருத்துவச் செலவு தனி, அதை நான் அந்த 13,500 ரூபாயில் சேர்க்கவே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைக்கவே கசக்கிறது. காப்பகத்தில், "உண்ணி உங்க வீட்லேர்ந்தே வந்திருக்கும் சார்" என்றார்கள். நான் அழுத்திக் கேட்டதும், அடுத்த முறை இரண்டு நாள் இலவசமாக வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். அவளை மறுபடியும் அங்கே விடுவேன் என்று எப்படி அவர்களுக்கு நினைக்கத் தோன்றியது! செயலியின் உதவிப் பிரிவில் மூன்று முறை புகாரை விளக்கி எழுதினேன். மூன்று முறையும் வேறு வேறு பெயரில் ஒரே பதில்: பணம் செயலி வழியாகக் கட்டப்படாததால் இது எங்கள் பொறுப்பில் வராது. நான்காவது முறை எழுதியபோது 'தீர்க்கப்பட்டது' என்று குறித்துப் புகாரையே மூடிவிட்டார்கள். நான் எழுதிய மதிப்புரையையும் காணவில்லை. வங்கியில் கேட்டால், நீங்களே விரும்பி ஒரு நபருக்கு அனுப்பிய பணத்தை நாங்கள் திரும்பப் பெற முடியாது என்கிறார்கள். காப்பகம் செயலியைக் காட்டுகிறது, செயலி என்னைக் காட்டுகிறது, என் 13,500 ரூபாய்க்கு யாருமே பொறுப்பில்லை என்று ஆகிவிட்டது.

விரிவான வழிகாட்டியாக எழுத வேண்டும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். ஆனால் இவளுக்கு இரண்டு மணிக்கொரு முறை தண்ணீர் புகட்ட வேண்டியிருக்கிறது, இப்போதைக்கு இவ்வளவுதான். எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் செயலிக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள், முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். பகலில் காட்டும் கூடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், இரவில் நாய் படுக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டை கேட்காத இடத்தில் விடவே விடாதீர்கள். காணொளி போதாது, நினைத்த நேரத்தில் வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நான் நான்கு காணொளிகளையும் அலைவடிவப் படங்களையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் சேர்த்து அடுத்த வாரம் கொடுக்கப் போகிறேன்.

இன்னொன்று, இதுதான் அவசரம். அந்த வண்டியில் செவலையோடு வேறு நான்கு நாய்களும் இருந்தன. திருச்சிப் பக்கம் இந்த ஏப்ரலில் 'கூண்டு இல்லாத' காப்பகம் எதிலாவது நாயை விட்டு எடுத்தவர்கள், அது நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடாமல், இன்றைக்கே உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், விரலிடுக்குகளைப் பாருங்கள். ஈறு வெளிறியிருந்தாலோ, அதில் செம்புள்ளிகள் தெரிந்தாலோ, மூக்கில் ரத்தம் கசிந்தாலோ நாளை வரை காத்திருக்க வேண்டாம்.